வெளிநாட்டு முதலீட்டுக்கு மத்திய அரசின் ஒப்புதல்: தேவையா என்று கண்டறிவதும் விண்ணப்பிப்பதும்

வெளிநாட்டிலிருந்து மூலதனம் வரப்போகிறது என்பது ஓரளவு உறுதியானதும், நிறுவனர்கள் முதலில் பேசத் தொடங்குவது பங்கின் விலையைப் பற்றித்தான். அது இயல்பே. ஆனால் இந்தியாவில் அந்த முதலீடு சட்டப்படி செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு: பணம் எந்தத் தொழிலுக்குள் வருகிறது, அது கடைசியில் யாருடைய பணம்? இவ்விரண்டுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் முன்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் வங்கிக் கணக்கில் தொகையைப் பெற்றுக்கொள்வதும், பிற்பாடு திருத்த முடியாத சிக்கல்களில் கொண்டுபோய் விடும். பங்குகளை வெளியிடப்போகும் இந்திய நிறுவனத்தின் இடத்திலிருந்து, அதன் இயக்குநரோ நிதி அலுவலரோ செய்ய வேண்டியவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

விதிகள் இருக்கும் இடம்

பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு மற்றும் முதலீட்டுச் சட்டம் 17 துறைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் நடக்கும் கையகப்படுத்தல்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. இங்கே வெளிநாட்டு முதலீட்டு ஆய்வின் வேர் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. அதன்கீழ் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, பங்கு போன்ற கடன் சாரா முதலீட்டு ஆவணங்கள் பற்றிய விதிகள் துறைவாரியான வரம்புகளைச் சொல்கின்றன. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, அதாவது அலுவலக வழக்கில் டிபிஐஐடி, 2020 அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த, வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்கான தொகுப்புக் கொள்கையையும், அவ்வப்போது பிரஸ் நோட் எனப்படும் குறிப்புகளையும் வெளியிடுகிறது.

இவற்றை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது முக்கியம். பிரஸ் நோட் என்பது கொள்கை அறிவிப்பு. அரசிதழில் விதிகள் திருத்தப்படும்போதுதான் அது சட்டமாகிறது. அண்டை நாடுகளிலிருந்து வரும் முதலீட்டைப் பற்றிய, மிகவும் பேசப்பட்ட பிரஸ் நோட் 3 வெளியானது 2020 ஏப்ரல் 17. அதற்கான விதித் திருத்தம் அரசிதழில் வந்தது ஏப்ரல் 22. ஆகவே தொகுப்புக் கொள்கையை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. கொள்கை, அதன் பிறகு வந்த குறிப்புகள், திருத்தப்பட்ட விதிகள் ஆகிய மூன்றையும் விண்ணப்பிக்கும் நாளின் நிலவரப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய சட்ட விளக்கக் கட்டுரைகளை நம்பி முதலீட்டுத் திட்டத்தை வகுப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலீடு இரண்டு வழிகளில் வரலாம். தானியங்கி வழியில் முன் அனுமதி வேண்டியதில்லை. பணம் வந்து பங்கு ஒதுக்கிய பின் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தால் போதும். அரசு ஒப்புதல் வழியில் முன் அனுமதி இல்லாமல் ஒரு பங்கைக்கூட ஒதுக்க முடியாது. முன்பு இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலித்த வெளிநாட்டு முதலீட்டு ஊக்குவிப்பு வாரியம் 2017-ல் கலைக்கப்பட்ட பிறகு, இந்த அனுமதியை அந்தந்தத் துறையின் அமைச்சகமே வழங்குகிறது.

தொழிலைச் சரியாக வகைப்படுத்துதல்

நிறுவனத்தின் பெயரையோ விளம்பரத்தையோ பார்க்காமல், அது உண்மையில் வருமானம் ஈட்டும் செயல்கள் அனைத்தையும் முதலில் எழுத வேண்டும். சங்க விதிகளில், அதாவது நிறுவனத்தின் நோக்கங்களையும் நிர்வாக முறையையும் சொல்லும் பதிவு ஆவணத்தில், இடம்பெற்றிருந்தும் இன்னும் தொடங்காத தொழில்களையும் தனியே குறித்துக்கொள்வது நல்லது. ஆய்வு செய்யும் அலுவலர் அந்த ஆவணத்தையும் படிப்பார். பின்னர் ஒவ்வொரு செயலையும் விதிகளின் துறை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரே நிறுவனத்தில் இரண்டு தொழில்கள் இருந்து, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பாடு இருந்தால், முழு நிறுவனத்துக்கும் கடுமையான விதியே பொருந்தும் என்று கருதித் திட்டமிடுவதே பாதுகாப்பானது.

பாதுகாப்புத் தளவாடத் துறையில், 2020 செப்டம்பரில் செய்த மாற்றத்தின்படி, புதிதாகத் தொழில் உரிமம் கோரும் நிறுவனங்களுக்கு 74 விழுக்காடு வரை தானியங்கி வழி. அதற்கு மேல் அரசு ஒப்புதல், அதுவும் நவீனத் தொழில்நுட்பம் கிடைக்கும் வாய்ப்பிருந்தாலோ பதிவு செய்யத்தக்க வேறு காரணம் இருந்தாலோதான். இதோடு ஒரு நிபந்தனையும் அப்போது சேர்க்கப்பட்டது: தேசியப் பாதுகாப்பைப் பாதிக்கும் அல்லது பாதிக்கக்கூடிய எந்த வெளிநாட்டு முதலீட்டையும் மறுஆய்வு செய்யும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொள்கிறது. 74 விழுக்காட்டுக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியடைபவர்கள் இந்த வரியைக் கவனிப்பதில்லை. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இயந்திரப் பட்டறை நடத்தும் ஒருவர், பம்பு உதிரிகளோடு பீரங்கி உதிரிகளும் செய்துகொண்டிருக்கலாம். அந்த உதிரிக்குத் தொழில் உரிமம் தேவையா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு எந்த விதி பொருந்தும் என்பது அமையும். அதை வெளிநாட்டுக் கூட்டாளியோடு பேச உட்காரும் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

விண்வெளித் துறை 2024 ஏப்ரலில் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டது. செயற்கைக்கோள் உற்பத்தி, இயக்கம் போன்றவற்றில் 74 விழுக்காடு வரையும், ஏவுகலம், ஏவுதளம் ஆகியவற்றில் 49 விழுக்காடு வரையும் தானியங்கி வழி. அந்த வரம்புகளைத் தாண்டினால் அரசு ஒப்புதல். உதிரிபாகங்களுக்கும் துணை அமைப்புகளுக்கும் 100 விழுக்காடு வரை தானியங்கி வழி. செய்தித் துறையில் பிடி மிகவும் இறுக்கமானது. அச்சு நாளிதழ்களுக்கும், இணையத்தில் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் வெளியிடும் நிறுவனங்களுக்கும் உச்சவரம்பு 26 விழுக்காடுதான்; அதற்கும் முதல் பங்கிலிருந்தே அரசு ஒப்புதல் வேண்டும். தனியார் காவல் நிறுவனங்களில் 49 விழுக்காடு வரை தானியங்கி வழி, அதிலிருந்து 74 வரை அரசு வழி. தொலைத்தொடர்பில் 2021 முதல் 100 விழுக்காடும் தானியங்கி வழி. ஆனால் பணம் எந்த நாட்டுடையது என்ற அடுத்த கேள்வி அங்கும் காத்திருக்கிறது.

துறை வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஐதராபாத்தின் கிளாண்ட் பார்மா நல்ல எடுத்துக்காட்டு. சீனாவின் ஃபோசன் குழுமம் 2016-ல் அதன் 86 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. ஏற்கெனவே இயங்கும் மருந்து நிறுவனத்தில் 74 விழுக்காட்டைத் தாண்டினால் அரசு ஒப்புதல் வேண்டும் என்பதால் கோப்பு டெல்லிக்குச் சென்றது. அங்கே மாதக்கணக்கில் தேங்கியது. 2017-ல் இரு தரப்பும் பங்கை 74 விழுக்காடாகக் குறைத்து, தானியங்கி வழியிலேயே பேரத்தை முடித்தனர். அன்று அது முறையான, புத்திசாலித்தனமான தீர்வு. இன்று அதே குழுமத்துக்கு அந்தக் கதவு அப்படியே திறந்திருக்காது.

பணத்தின் ஊற்றைத் தேடுதல்

2020 ஏப்ரலில், கொரோனாவால் பங்கு விலைகள் சரிந்திருந்த வேளையில், வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சியில், சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியின் பங்கு ஒரு விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்ற செய்தி வந்தது. சில நாட்களில் பிரஸ் நோட் 3 வெளியானது. இந்தியாவோடு நிலவெல்லையைப் பகிரும் நாட்டைச் சேர்ந்த நிறுவனமோ, முதலீட்டின் பயன்பெறும் உரிமையாளர், அதாவது இடையில் உள்ள நிறுவனங்களைத் தாண்டி அதன் பலன் கடைசியில் யாரைச் சேருகிறதோ அவர், அத்தகைய நாட்டில் வசிப்பவராகவோ அதன் குடிமகனாகவோ இருக்கும் நிறுவனமோ, எந்தத் துறையானாலும் அரசு வழியில்தான் முதலீடு செய்யலாம் என்றது அந்தக் குறிப்பு. சீனா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மியன்மர், ஆப்கானிஸ்தான் ஆகிய ஏழு நாடுகள் இதனுள் வருகின்றன. பாகிஸ்தானுக்குக் கூடுதல் தடையும் உண்டு: பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி ஆகிய துறைகளில் அரசு வழியிலும் அனுமதி இல்லை. இலங்கைக்கும் நமக்கும் இடையில் கடல்தான் இருக்கிறது என்பதால், கொழும்பிலிருந்து வரும் பணத்துக்கு இந்த விதி பொருந்தாது.

பயன்பெறும் உரிமையாளர் என்ற சொல்லைப் பயன்படுத்திய அந்தக் குறிப்பு, வெளியானபோது, எத்தனை விழுக்காடு இருந்தால் ஒருவர் அப்படிக் கருதப்படுவார் என்று வரையறுக்கவில்லை. கம்பெனிச் சட்ட விதிகளில் 10 விழுக்காடு. கறுப்புப் பண மாற்றுத் தடுப்பு விதிகளில் கம்பெனிகளுக்கு முன்பு 25, 2023 மார்ச்சிலிருந்து 10. சில வங்கிகள் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஒப்புதல் கேட்டன. இந்த வரம்பு குறித்த நடப்பு வாசகத்தை அரசிதழில் பார்த்து உறுதி செய்துகொண்டு, உங்கள் அங்கீகரிக்கப்பட்ட டீலர் வங்கி (அந்நியச் செலாவணியைக் கையாள ரிசர்வ் வங்கி அனுமதித்த வங்கி) அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதையும் எழுத்தில் பெற்றுவிட வேண்டும். பணத்தைக் கணக்கில் வரவு வைப்பதும், பின்னர் படிவங்களைச் சரிபார்ப்பதும் அந்த வங்கிதான். சட்டக் கருத்து எவ்வளவு வலுவாக இருந்தாலும் வங்கி ஏற்காவிட்டால் பங்கு ஒதுக்கீடு நகராது.

தேடும் வேலையை எளிய வரைபடத்திலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூரில் பதிவான ஒரு ஃபண்ட், அதாவது பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் நிதியம், முதலீடு செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயரை ஒரு பெட்டிக்குள் எழுதி, அதற்கு மேல் அதில் பணம் போட்டவர்களையும், பக்கத்தில் அதை நிர்வகிக்கும் நிறுவனத்தையும், அந்த நிறுவனத்துக்கு மேல் அதன் உரிமையாளர்களையும் எழுத வேண்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் விழுக்காட்டைக் குறிக்க வேண்டும். மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு மனிதரிலோ, அரசிலோ, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலோ முடியும்வரை நிறுத்தக்கூடாது. பணம் போட்டவர்களின் பெயர்களைச் சொல்ல ஃபண்டுகள் தயங்கும். ரகசியக் காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு கேட்கலாம். அப்படியும் சொல்ல மறுத்தால், நிலவெல்லை நாட்டுப் பணம் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியையும், அது பொய்யானால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பையுமாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். பிழையின் சுமை முதலில் விழுவது பங்கு வெளியிட்ட இந்திய நிறுவனத்தின் தலையில்தான்.

விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் போதாது. பெரும்பான்மை இயக்குநர்களை நியமிக்கும் உரிமையோ, நிர்வாகத்தையும் கொள்கை முடிவுகளையும் கட்டுப்படுத்தும் உரிமையோ யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கட்டுப்பாடு இருப்பதாக விதிகள் கொள்கின்றன. அது பங்குதாரர் ஒப்பந்தத்தின் வழியாக வந்தாலும் கட்டுப்பாடுதான். 8 விழுக்காடு மட்டுமே வைத்திருப்பவர் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும் தலைமை அதிகாரி நியமனத்தையும் தடுக்க முடியும் என்றால், அந்தப் பிரிவை ஆய்வாளர் நிச்சயம் அடிக்கோடிடுவார்.

இந்திய நிறுவனம் ஒன்றிலிருந்து வரும் பணமும் வெளிநாட்டுப் பணமாக எண்ணப்படலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வெளிநாட்டவரின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள இந்திய நிறுவனம் உங்கள் நிறுவனத்தில் முதலீடு செய்தால் அது மறைமுக வெளிநாட்டு முதலீடு. துறை வரம்பும் நிபந்தனைகளும் அதற்கும் உண்டு. கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளும் கடன் பத்திரங்களும் பங்கு மூலதனமாகவே கருதப்படும் என்பதால், இப்போதைக்குக் கடன் போல வாங்கிப் பிறகு பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை ஒப்புதலைத் தவிர்க்க உதவாது.

கையெழுத்துக்கு முன்

ஒப்புதல் தேவை என்று தெரிந்துவிட்டால், ஒப்பந்தத்தில் அது முன்நிபந்தனையாக இடம்பெற வேண்டும்: அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கிடைத்த பின்னரே பணம் அனுப்பப்படும், பங்கு ஒதுக்கப்படும். அத்துடன், எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற இறுதிக் கெடுவும், கெடு தாண்டினால் யாருக்கு என்ன பொறுப்பு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் சீனாவின் கிரேட் வால் மோட்டார், மகாராஷ்டிரத்தின் தளேகாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க உடன்பட்டது. மூன்று மாதத்தில் விதி மாறியது. கெடுவை நீட்டித்து நீட்டித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் ஒப்புதல் கிடைக்காமல், 2022 ஜூன் இறுதியில் ஒப்பந்தம் காலாவதியானது. ஆலை பின்னர் ஹூண்டாய் கைக்குப் போனது. கெடு என்ற ஒன்று எழுதப்பட்டிருந்ததால்தான் விற்பவர் வேறு ஆளைத் தேட முடிந்தது.

பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது மிகப் பெரிய பிழை. வெளிநாட்டிலிருந்து பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அரசு வழியில் 60 நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஒப்புதலும் இல்லாமல், செலவழித்த பணத்தைத் திருப்பவும் இயலாமல் நிற்கும் நிலை அங்கே தொடங்குகிறது. விதிமீறலுக்கான அபராதம், தொகை கணக்கிடத்தக்கதாக இருந்தால் அதன் மூன்று மடங்கு வரை போகலாம்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பம் இணையவழியில்தான். முன்பு வெளிநாட்டு முதலீட்டு வசதி இணையதளத்தில் பெறப்பட்டவை இப்போது தேசிய ஒற்றைச் சாளர அமைப்பின் வழியாகப் பெறப்படுகின்றன. அங்கிருந்து டிபிஐஐடி அதை உரிய அமைச்சகத்துக்கு அனுப்பும்: தளவாடம் என்றால் பாதுகாப்பு உற்பத்தித் துறை, செய்தி ஊடகம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தனியார் காவல் நிறுவனம் என்றால் உள்துறை அமைச்சகம். அரசு வழியில் வரும் நிலவெல்லை நாட்டு முதலீடு அனைத்துக்கும், பாதுகாப்பு, ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு, செயற்கைக்கோள், விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் அரசு வழியில் வருபவற்றுக்கும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும். முதலீடு 5,000 கோடி ரூபாயைத் தாண்டினால் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுவின் முன் கோப்பு வைக்கப்படும்.

இணைக்க வேண்டிய ஆவணங்களில் பெரும்பாலானவை உங்கள் கம்பெனி செகரட்டரியிடம் ஏற்கெனவே இருப்பவைதான்: இரு தரப்பின் பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், இயக்குநர் குழுத் தீர்மானம், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், முதலீட்டுக்கு முன்னும் பின்னுமான பங்குப் பட்டியல், மதிப்பீட்டுச் சான்றிதழ், பங்குதாரர் ஒப்பந்தம். நேரத்தை விழுங்குபவை இரண்டு. ஒன்று, மேலே சொன்ன உரிமை வரைபடமும் பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாக வரும் என்ற விளக்கமும். மற்றொன்று, பாதுகாப்பு அனுமதிக்கான படிவம். அதில் இயக்குநர்களும் முக்கியப் பங்குதாரர்களும் தங்கள் பெற்றோர் பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், முகவரி முதலியவற்றைத் தர வேண்டும். ஒரு கடவுச்சீட்டில் ஒரு எழுத்தும் கம்பெனிப் பதிவேட்டில் வேறு எழுத்துமாகப் பெயர் இருந்தால் கேள்வி வரும். அவற்றை முன்பே ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் மாதங்கள் மிச்சமாகும்.

கூடவே வைக்கும் விளக்கக் கடிதத்தில் நிறுவனத்தின் பெருமைகளைக் குறைத்து, ஆய்வாளர் மனத்தில் எழக்கூடிய ஐயங்களுக்கு நேரடியாக விடை சொல்ல வேண்டும். முதலீட்டாளர் எந்தத் தொழில்நுட்பத்தை அணுகுவார், எதை அணுக மாட்டார்? வாடிக்கையாளர் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது? அரசு அல்லது ராணுவம் வாடிக்கையாளராக இருக்கிறதா? ஆலை எங்கே அமைந்துள்ளது? முதலீட்டாளருக்கு நியமன உரிமை எத்தனை இயக்குநர்களுக்கு? இவற்றை மழுப்புவது கோப்பைத் தாமதப்படுத்துவதோடு, மறைக்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தையும் உண்டாக்கிவிடும்.

காத்திருக்கும் காலம்

2023 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நடைமுறைக் கையேட்டின்படி முடிவெடுக்க 12 வாரங்கள். ஆனால் உங்களிடம் விளக்கம் கேட்டு நீங்கள் விடை தரும்வரை ஆகும் நாட்கள் அதில் சேராது. நடைமுறையில், நிலவெல்லை நாட்டுக் கோப்புகள் இதைவிடப் பல மடங்கு காலம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கெடு கடந்துவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது. அமைச்சகம் மறுக்க விரும்பினாலோ, கொள்கையில் இல்லாத கூடுதல் நிபந்தனை விதிக்க விரும்பினாலோ டிபிஐஐடியின் இசைவைப் பெற வேண்டும். மதிப்பீட்டுச் சான்றிதழும் கணக்குகளும் இதற்கிடையில் பழையதாகிவிடக்கூடும் என்பதால் அவற்றைப் புதுப்பிக்கும் செலவையும் நாட்களையும் முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புதலுக்குப் பின்

ஒப்புதல் கடிதம் குறிப்பிட்ட முதலீட்டாளருக்கும், குறிப்பிட்ட தொகைக்கும், குறிப்பிட்ட பங்கு அளவுக்குமே உரியது. முதலீட்டாளர் கடைசி நேரத்தில் தன் மற்றொரு துணை நிறுவனத்தின் வழியாகப் பணம் அனுப்பினால் அந்தக் கடிதம் காப்பாற்றாது. பங்கு ஒதுக்கிய 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் என்ற இணையதளத்தில், ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவமும், இந்தியரிடமிருந்து வெளிநாட்டவருக்குப் பங்கு கைமாறினால் 60 நாட்களுக்குள் அந்தக் கைமாற்றத்தைத் தெரிவிக்கும் எஃப்சி-டிஆர்எஸ் படிவமும், ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் வெளிநாட்டுச் சொத்து, பொறுப்புகள் பற்றிய அறிக்கையும் தாக்கல் செய்யப்பட வேண்டும். நிலவெல்லை நாட்டுக் குடிமகன் ஒருவரை இயக்குநராக நியமிக்க, 2022 ஜூன் முதல், உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதி தனியே தேவை; முதலீட்டுக்குக் கிடைத்த ஒப்புதலே நியமனத்துக்கும் போதும் என்று நினைத்துவிடக்கூடாது.

எளிதில் தவறவிடப்படுவது வேறொன்று. உங்கள் பங்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட மாறாமல், சிங்கப்பூர் ஃபண்டுக்கு மேலே, கேமன் தீவிலோ ஹாங்காங்கிலோ ஒரு பங்கு கைமாறலாம். அந்த மாற்றத்தால் பயன்பெறும் உரிமை நிலவெல்லை நாட்டவரிடம் போய்ச் சேர்ந்தால் அதற்கும் அரசு ஒப்புதல் வேண்டும் என்கிறது விதி. செய்தித்தாளில் படித்து அதைத் தெரிந்துகொள்ளும் நிலை வராமலிருக்க, மேல்மட்ட உரிமை மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கும் கடமையைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் சேர்த்து, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை அறிக்கை தயாரிக்கும் நாட்களில் அந்த உரிமை வரைபடத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கி, பழையதோடு ஒப்பிட்டு, தேதியிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும்.